பம்பு கணக்கு: 350 குதிரை மோட்டார் என்று விடை வருகிறது, எங்கே தப்பு?

பாலக்கோடு_பதினொன்று
ஞாயிறு, மாலை 6.10

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி. நாளைக்கு நோட்டு வைக்க வேண்டும். 'வேலை, ஆற்றல், திறன்' பாடத்தில் சார் கொடுத்த கணக்கு இது:

"80 மீட்டர் ஆழமுள்ள கிணற்றிலிருந்து ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 200 லிட்டர் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அதன் பயனுறுதிறன் 60 சதவீதம் எனில், எத்தனை குதிரைத்திறன் கொண்ட மோட்டார் தேவை?"

நான் செய்தது: 200 லிட்டர் என்றால் 200 கிலோ. நிறை × ஜி × உயரம் = 200 × 9.8 × 80 = 1,56,800. இதை 0.6-ஆல் வகுத்தேன், 2,61,333. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் 746-ஆல் வகுத்தால் 350 வருகிறது. எங்கள் தக்காளித் தோட்டத்தில் ஓடுவது ஏழரை எச்.பி. மோட்டார். 350 எச்.பி. என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும். மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், அதே 350தான். எங்கே தப்பு என்று மட்டும் சொல்லுங்கள்.

விடைவீரன்
ஞாயிறு, மாலை 6.22

நிமிடத்தை நொடியாக மாற்றவில்லை நீ. 200 ÷ 60 = 3.33 கிலோ ஒரு நொடிக்கு. 3.33 × 9.8 × 80 = 2613 வாட். அதில் 60 சதவீதம் 1568 வாட். 746-ஆல் வகுத்தால் 2.1. விடை 2.1 எச்.பி. எழுதிக்கொள், முடிந்தது.

சாக்பீஸ்
ஞாயிறு, மாலை 6.45

தம்பி, நோட்டில் எழுதிவிடாதே, கொஞ்சம் பொறு.

கிருஷ்ணகிரியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். உன் பதிவில் எனக்குப் பிடித்த வரி எது தெரியுமா? 'வகுப்பே சிரிக்கும்' என்பது. விடை வந்ததும் அதைத் தோட்டத்து மோட்டாரோடு வைத்துப் பார்த்தாயே, அதைச் செய்யாமல்தான் பாதிப் பேர் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். என் வகுப்பில் ஒரு பையன் சைக்கிளின் வேகம் நொடிக்கு 400 மீட்டர் என்று போட்டு, இரண்டு கோடும் அடித்து வைத்திருந்தான். ஒலியையே முந்துகிற சைக்கிள்.

இப்போது உனக்கு ஒரு கேள்வி. 1,56,800 என்று எழுதினாயே, அதற்குப் பக்கத்தில் என்ன அலகு போடுவாய்? அதைச் சொல். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

விடைவீரன் அவர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். தண்ணீரைத் தூக்கவே 2613 வாட் வேண்டும் என்று நீங்களே கண்டுபிடித்தீர்கள். பிறகு மோட்டார் 1568 வாட் இருந்தால் போதும் என்கிறீர்கள். மீதியை யார் தூக்குவது?

பாலக்கோடு_பதினொன்று
ஞாயிறு, இரவு 7.05

சார், அது ஜூல்! வேலைக்குத்தானே அந்த வாய்ப்பாடு. நான் ஜூலை வாட் என்று நினைத்து 746-ஆல் வகுத்துவிட்டேன். ஒரு நிமிடம் முழுக்கச் செய்த வேலை 1,56,800 ஜூல். அதை 60 நொடியால் வகுத்தால்தான் திறன். 2613 வாட்.

ஆனால் அடுத்த இடத்தில் குழப்பமாக இருக்கிறது. நான் முதலில் 0.6-ஆல் வகுத்தேன். அண்ணன் பெருக்கியிருக்கிறார். சதவீதம் என்றால் பெருக்குவதுதானே வழக்கம்? உண்மையைச் சொன்னால், நான் ஏன் வகுத்தேன் என்று எனக்கே தெரியாது. போன கணக்கில் சார் வகுத்தார், அதனால் வகுத்தேன்.

சாக்பீஸ்
ஞாயிறு, இரவு 7.20

இதை ஒளிக்காமல் சொன்னதற்கே உனக்கு ஒரு மதிப்பெண்.

தக்காளிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் தக்காளியிலேயே சொல்கிறேன். மண்டிக்குக் கூடைகளைக் கொண்டு போகிறார் உன் அப்பா. கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி, அழுகல் என்று நூறு ரூபாய்க்கு நாற்பது ரூபாய் கழிந்துவிடுகிறது, கைக்கு அறுபதுதான் வருகிறது என்று வைத்துக்கொள். (உண்மையில் எவ்வளவு கழிகிறது என்று அப்பாவைக் கேட்காதே, அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.) கைக்கு 2613 ரூபாய் வர வேண்டுமென்றால் சரக்கு எவ்வளவுக்கு விலை போக வேண்டும்? 2613-ஐ விடக் கூடவா, குறைவா?

பாலக்கோடு_பதினொன்று
ஞாயிறு, இரவு 7.31

கூட. விற்ற பணத்தில் 0.6 பங்கு = 2613. அப்படியானால் விற்றது 2613 ÷ 0.6 = 4355. அதை 746-ஆல் வகுத்தால் 5.84 எச்.பி.

கைக்கு வருவது தெரிந்து விற்றதைத் தேடினால் வகுக்க வேண்டும். விற்றது தெரிந்து கைக்கு வருவதைத் தேடினால் பெருக்க வேண்டும். சரியா சார்?

கடையில் 5 எச்.பி. இருக்கிறது, ஏழரை இருக்கிறது. 5.84 இல்லை. எதை எழுதுவது?

சாக்பீஸ்
ஞாயிறு, இரவு 7.40

5.84 என்று எழுதி, 'நடைமுறையில் 7.5' என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடு. உங்கள் சார் சிரிப்பார், ஆனால் இந்த முறை வேறு சிரிப்பு.

விடைவீரன்
ஞாயிறு, இரவு 8.15

பெருக்கியது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அவசரத்தில் போட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாளைக் காலையில் நோட்டு வைக்க வேண்டிய பையனிடம் 'என்ன அலகு, யார் தூக்குவது' என்று கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? அவனுக்கு வேதியியலும் இருக்கும், கணக்கும் இருக்கும். டியூஷன் போக வசதியுள்ள பிள்ளைகளுக்கு விடை கையில் கிடைக்கிறது. அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு பஸ் பிடித்துப் படிக்க வருகிற பிள்ளைக்கு நாம் முழு விடை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நான் படித்தபோது கேட்க ஆள் இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் இங்கே உட்கார்ந்து விடை போடுகிறேன்.

ஓசூர்_அம்மா
ஞாயிறு, இரவு 8.50

விடைவீரன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, பாடம் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. கணக்கைப் படமெடுத்தால் விடை தருகிற செயலி ஒன்றை போனில் போட்டு வைத்திருக்கிறாள். படி படியாக, அழகாக, தப்பில்லாமல்தான் வருகிறது. மூன்று மாதம் வீட்டுப்பாடம் எல்லாம் முழு மதிப்பெண். தேர்வில் 31.

உட்கார வைத்துக் கேட்டேன். 'இந்த வரியில் ஏன் வகுத்தாய்?' என்றால் 'அங்கே வகுத்திருந்தது' என்கிறாள். இந்தப் பாலக்கோட்டுப் பையன் சொன்னது போலவேதான். வித்தியாசம் என்னவென்றால் இவன் அதைத் தானாகவே கவனித்துச் சொல்லிவிட்டான், என் மகளிடம் நான் கேட்க வேண்டியிருந்தது. இப்போது வீட்டில் ஒரு விதி: முதலில் படம் வரைந்து, தெரிந்தது எது, தெரியாதது எது என்று எழுதிய பிறகுதான் போனை எடுக்கலாம். பாதி நாள் போனே எடுப்பதில்லை. மீதி நாள் சண்டை.

காயில்_கடை
ஞாயிறு, இரவு 9.30

நான் மொரப்பூர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிறவன். பத்தாவதோடு சரி. கணக்கில் குற்றம் சொல்ல வரவில்லை, கணக்குச் சரி. கிணறுதான் தப்பு.

80 மீட்டர் ஆழமுள்ள கிணறு என்று போட்டிருக்கிறது. ஆழம் 80 மீட்டரா, தண்ணீர் நிற்கிற மட்டம் 80 மீட்டரா? எங்கள் பக்கம் போர்வெல் ஆயிரம் அடி போடுகிறார்கள். மோட்டாரை 500 அடியில் இறக்குகிறோம். தண்ணீர் 250 அடியில் நிற்கும். நீங்கள் எதை வைத்துக் கணக்குப் போடுவீர்கள்? 1000-ஆ, 500-ஆ, 250-ஆ?

250தான். மோட்டாரை இன்னும் 100 அடி கீழே இறக்கினாலும் மட்டம் அதேதான் என்றால் ஆம்பியர் ஏறக்குறைய மாறாது. கூடுதல் பைப்பில் உரசுகிற கொஞ்சம் மட்டும்தான். கரண்டை அளக்கும் டாங் டெஸ்டர் போட்டு நூறு போரில் பார்த்திருக்கிறேன்.

பாலக்கோடு_பதினொன்று
ஞாயிறு, இரவு 9.44

நோட்டு எழுதி முடித்துவிட்டேன், ஆனால் இது தூங்கவிடாது போலிருக்கிறது. அண்ணா, மோட்டார் 500 அடியில் இருந்தால் தண்ணீர் 500 அடி ஏறித்தானே வெளியே வருகிறது? 250 என்று எப்படிக் கணக்கு?

சாக்பீஸ்
ஞாயிறு, இரவு 10.05

காயில்_கடை அவர்கள் சொன்னது அப்பழுக்கில்லாத இயற்பியல். பத்தாவதோடு சரி என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

தம்பி, சேந்து கிணற்றில் நீர் இறைத்திருக்கிறாயா? வாளி தண்ணீருக்குள் இருக்கிற வரையில் கயிறு இலேசாக வரும். வாளியின் வாய் நீர்மட்டத்தை விட்டு வெளியே வந்த நொடியில்தான் கை கனக்கும். நீருக்குள் இருக்கும்போது வாளியில் உள்ள தண்ணீரைச் சுற்றியுள்ள தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. மேல்நோக்கு விசை, ஆர்க்கிமிடீஸ், கீழ் வகுப்பிலேயே படித்திருக்கிறாய்.

போரிலும் அதே கதைதான். 500 அடியில் இருக்கும் மோட்டாருக்கு மேலே 250 அடி தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரின் அழுத்தமே பைப்புக்குள் இருக்கிற நீரை 250 அடி மட்டம் வரை தள்ளிவிடும், மோட்டார் ஓடாவிட்டாலும். அதற்கு மேலே உள்ள 250 அடிக்குத்தான் மோட்டார் உழைக்க வேண்டும்.

உன் நோட்டில் 'நீர்மட்டம் 80 மீட்டரில் உள்ளது எனக் கொள்வோம்' என்று முதல் வரியாகச் சேர். கணக்கில் சொல்லாததை நாம் எடுத்துக்கொண்டால், எடுத்துக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும்.

மாங்கொட்டை
திங்கள், காலை 7.10

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு மாந்தோப்பு. அங்கே பழைய வட்டக் கிணறு. சுவரில் பாதி ஆழத்தில் ஒரு திட்டு கட்டி, அதில் மோட்டாரை உட்கார வைத்திருப்பார். மழையில் கிணறு நிரம்பினால் மோட்டாரைத் தூக்கவே நான்கு ஆள் வேண்டும். மேலேயே வைத்தால் என்ன என்று கேட்டால் 'இழுக்காதுடா' என்பார். ஏன் இழுக்காது என்று சொன்னதில்லை. இந்த இழையைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. எச்.பி. அதிகமான மோட்டார் போட்டால் மேலிருந்தே இழுக்காதா?

காயில்_கடை
திங்கள், காலை 7.35

நூறு எச்.பி. போட்டாலும் இழுக்காது. 25 அடி, பைப்பின் அடிமுனையில் நல்ல ஃபுட் வால்வாக இருந்தால் 26, 27. அதற்கு மேல் போனால் மோட்டார் வெறுமனே சுற்றும். ஏன் என்று சாக்பீஸ் சாரைக் கேளுங்கள், எனக்கு அடிதான் தெரியும்.

சாக்பீஸ்
திங்கள், காலை 8.20

தாத்தா சொன்ன 'இழுக்காது' என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. பம்பு எப்போதுமே தண்ணீரை இழுப்பதில்லை. இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது நீ இழுப்பதாக நினைக்கிறாய். நீ செய்வது, ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றை எடுத்துவிடுவது மட்டும்தான். வெளியே உள்ள காற்று இளநீரின் மேல் அழுத்தி அதை ஸ்ட்ராவுக்குள் ஏற்றுகிறது. தூக்கிவிடுவது வளிமண்டலம்.

வளிமண்டலத்துக்கு எவ்வளவு தெம்பு? கடல்மட்டத்தில் சதுர மீட்டருக்கு 1,01,325 நியூட்டன். தண்ணீரின் அடர்த்தி 1000, ஜி 9.8. வகுத்துப் பார்: 1,01,325 ÷ 9800 = 10.3 மீட்டர். பைப்புக்குள் காற்றே இல்லாமல் முழு வெற்றிடமாக்கினாலும், வெளிக்காற்றால் அதற்கு மேல் தண்ணீரைத் தூக்க முடியாது. 34 அடி. குழாயில் உராய்வு, மூட்டில் காற்றுக் கசிவு, அழுத்தம் மிகவும் குறைந்தால் தண்ணீரே ஆவியாகிக் குமிழி விடுவது எல்லாம் போக மிஞ்சுவதுதான் காயில்_கடை சொன்ன 25 அடி.

இத்தாலியிலும் கிணறு வெட்டுகிறவர்களுக்கு இந்த எல்லை தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. 1640-களில் டாரிசெல்லி தண்ணீருக்குப் பதிலாகப் பாதரசத்தை எடுத்தார். அது தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம், அதனால் 10 மீட்டர் குழாய் வேண்டாம், 76 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டது. நாம் படிக்கிற பாரமானி அப்படி வந்ததுதான்.

ஓசூர்_அம்மாவுக்கு ஒரு கொசுறு. உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அந்த 10.3 மீட்டர் உங்களுக்கு 9.3 ஆகிவிடும். மகளிடம் கேட்டுப் பாருங்கள், ஏன் என்று. போன் இல்லாமல்.

மாங்கொட்டை
திங்கள், காலை 8.41

அப்படியானால் 250 அடி போரில் மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்குவது இதனால்தானா! கீழே இருந்து தள்ளுவதற்கு எல்லை இல்லை, மேலே இருந்து உறிஞ்சத்தான் எல்லை.

காயில்_கடை
திங்கள், காலை 8.50

தள்ளுவதற்கும் எல்லை உண்டு, ஆனால் அது மோட்டாரும் பைப்பும் தாங்குகிற எல்லை. ஆழம் கூடக் கூட ஸ்டேஜ் கூட்டுவோம். ஒரு இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளுகிற சுழல் சக்கரம், கொஞ்சம் தூக்கி அடுத்ததிடம் கொடுக்கும், அது இன்னும் கொஞ்சம். வாளி கை மாற்றுகிற மாதிரி.

பாலக்கோடு_பதினொன்று
திங்கள், மாலை 5.30

நோட்டில் 5.84 சரி என்று வந்துவிட்டது. 'நீர்மட்டம் எனக் கொள்வோம்' என்ற வரியின் கீழ் சார் கோடு போட்டு ஒரு டிக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்.

இப்போது எங்கள் போரையே அளந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். நீர்மட்டம் தெரியவில்லை. ஒரு வழி தோன்றுகிறது. போரில் கல்லைப் போட்டு, தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும் வரை போனில் நேரம் பார்த்தால், உயரம் = ½ × ஜி × நேரம்² என்று கண்டுபிடிக்கலாமே?

காயில்_கடை
திங்கள், மாலை 5.34

டேய் தம்பி!! போரில் கல்லைப் போடாதே!! மோட்டாருக்கும் போரின் கேசிங் பைப்புக்கும் நடுவில் போய் மாட்டினால் மோட்டாரைத் தூக்கவே முடியாது. உன் அப்பா உன்னைத்தான் உள்ளே இறக்குவார். போர் வாயை மூடியே வை. இந்த மாதிரிச் சோதனையை மனதில்கூட நினைக்காதே.

சாக்பீஸ்
திங்கள், மாலை 6.15

இரண்டு ஆச்சரியக்குறிக்கும் நான் துணை. கேசிங் பைப் ஆறேழு அங்குல அகலம்தான். கல் சுவரில் மோதி மோதித்தான் போகும், தடையின்றி விழும் பொருளே அல்ல அது. வாய்ப்பாடும் பொருந்தாது, போரும் பாழ்.

ஆனால் யோசனை நல்ல யோசனை. கைப்பிடிச் சுவர் உள்ள திறந்த கிணற்றில், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சின்னக் கல்லைப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டரில் தண்ணீர் இருந்தால் கல் விழ 2.02 நொடி. சத்தம் மேலே வர 20 ÷ 340, சுமார் 0.06 நொடி. சத்தத்துக்கான நேரத்தை எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். நிஜமாக ஏமாற்றுவது உன் கட்டைவிரல். சத்தம் கேட்டு போனைத் தட்டுவதற்குள் 0.2 நொடி போய்விடும். தண்ணீரைத் தொடும்போது கல்லின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர். 0.2 × 20 = 4 மீட்டர் தப்பு! இருபதில் நான்கு. பத்து முறை போட்டுச் சராசரி எடுத்தாலும் இந்தத் தப்பு போகாது, ஏனென்றால் விரல் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத்தான் தாமதிக்கிறது. ஒலியைப் பதிவு செய்து, கல்லை விடும்போது ஒரு சத்தம் எழுப்பி, இரண்டு சத்தத்துக்கும் இடைவெளியைப் பார்த்தால் சரியாகும்.

பென்னாகரம்_பரிசல்
திங்கள், இரவு 8.00

எனக்கும் ஒரு கணக்கு. ஆற்றின் அகலம் 120 மீட்டர், நீரோட்டம் நொடிக்கு 2 மீட்டர், பரிசலின் வேகம் தண்ணீரைப் பொறுத்து 1.5 மீட்டர். நேர் எதிர்க்கரைக்குப் போக எந்தக் கோணத்தில் துடுப்புப் போட வேண்டும்? சைன் தீட்டா = 2 ÷ 1.5 = 1.33. கால்குலேட்டரில் போட்டால் 'எரர்' என்று வருகிறது. கால்குலேட்டர் மாற்ற வேண்டுமா?

விடைவீரன்
திங்கள், இரவு 8.20

புது இழை தொடங்கியிருக்கலாம், பரவாயில்லை. இந்த முறை நான் விடை போடவில்லை, சாக்பீஸ் சார் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேள்வியாகக் கேட்கிறேன். சைன் மதிப்பு ஒன்றுக்கு மேல் போகுமா? போகாது என்றால், அந்தக் கோணம் இல்லை என்றால், ஆற்றில் அதற்கு என்ன அர்த்தம்? ஒகேனக்கல் பக்கம்தானே நீ, தண்ணீர் கூடினால் பரிசலை ஏன் நிறுத்திவிடுகிறார்கள் என்று யோசி.

பென்னாகரம்_பரிசல்
திங்கள், இரவு 8.48

ஓ... நேராகப் போகவே முடியாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆறு கீழே கொண்டு போய்விடும். கால்குலேட்டர் சொன்னதுதான் விடை!

அப்படியானால் கரைக்கு நேர்செங்குத்தாகப் போட்டால் 120 ÷ 1.5 = 80 நொடியில் அக்கரை. அதற்குள் 160 மீட்டர் கீழே இறங்கியிருப்போம். மாமா பரிசல் ஓட்டுகிறார், அவர் எப்போதும் கரையோரமாகவே கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு போய், பிறகுதான் குறுக்கே விடுவார். எதற்கு இந்தச் சுற்று என்று நினைப்பேன். இனி கேட்க வேண்டியதில்லை.

விடைவீரன்
திங்கள், இரவு 8.55

நான்கு வரி கேட்டேன், பையன் ஆறு வரி எழுதிவிட்டான். சரி, இதிலும் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது. (பரீட்சைக்கு முந்தின நாள் கேட்டால் விடைதான் போடுவேன், சொல்லிவிட்டேன்.)

பாலக்கோடு_பதினொன்று
சனி, மாலை 4.15

அளந்துவிட்டேன். கல் போடவில்லை.

போன மாதம் மோட்டாரைத் தூக்கி இறக்கினபோது நீர்மட்டம் 260 அடி என்று மெக்கானிக் குறித்து வைத்திருந்தார். 79 மீட்டர். தண்ணீர் விழுகிற தொட்டியின் வாய் தரையிலிருந்து 2 மீட்டர். மொத்தம் 81. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்ப 4 நிமிடம் 10 நொடி, அதாவது 250 நொடி. நொடிக்கு 4 கிலோ. 4 × 9.8 × 81 = 3175 வாட். இது தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது.

விவசாய இணைப்பில் மீட்டர் இல்லை. அதனால் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். டாங் டெஸ்டரில் 14 ஆம்பியர், வோல்ட் 400. மும்முனை மின்சாரத்துக்கு 1.732 × 400 × 14 × 0.8 என்று அவர்தான் போட்டுக் கொடுத்தார், எனக்கு இன்னும் அந்த 1.732 புரியவில்லை. 7759 வாட். 3175 ÷ 7759 = 41 சதவீதம்.

ஆனால் 7759-ஐ 746-ஆல் வகுத்தால் 10.4 வருகிறது. ஏழரை எச்.பி. மோட்டார் எப்படிப் பத்தே கால் எச்.பி.க்கு மேல் தின்கிறது? தகட்டில் பொய் எழுதியிருக்கிறார்களா?

சாக்பீஸ்
சனி, மாலை 5.00

இந்த 1.732 மூன்றின் வர்க்கமூலம். இப்போதைக்கு மெக்கானிக்கை நம்பு. 0.8 எங்கிருந்து வருகிறது என்று பன்னிரண்டாம் வகுப்பில் மாறுதிசை மின்னோட்டம் படிக்கும்போது தெரியும்.

தகட்டில் பொய் இல்லை. அதில் போட்டிருப்பது மோட்டார் தண்டில் கொடுக்கிற திறன், கம்பியில் வாங்குகிற திறன் அல்ல. 7.5 × 746 = 5595. தண்டு அந்த முழுத் திறனைக் கொடுக்கிறது என்று கொண்டால் 5595 ÷ 7759, சுமார் 72 சதவீதம். கம்பியிலிருந்து தண்டுக்கு வருவதற்குள் ஒரு மண்டி, தண்டிலிருந்து தண்ணீருக்குப் போவதற்குள் இன்னொரு மண்டி. இரண்டிலும் கமிஷன். ஞாயிற்றுக்கிழமை பெருக்குவதா வகுப்பதா என்று கேட்டாயே, அதே கேள்விதான் மறுபடியும்.

காயில்_கடை
சனி, மாலை 5.25

41 மோசமில்லை. 30-க்குக் கீழே ஓடுகிற மோட்டார் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த 260 அடி மோட்டார் நின்றிருந்தபோது எடுத்ததா, ஓடும்போது எடுத்ததா? ஓட ஓட மட்டம் இறங்கும். எங்கள் பக்கம் 20, 30 அடி சாதாரணம்.

பாலக்கோடு_பதினொன்று
சனி, மாலை 5.40

நின்றிருந்தபோது. அப்படியானால் உயரம் 81-ஐ விடக் கூட, தண்ணீருக்குப் போன திறனும் கூட. 30 அடி இறங்கியிருந்தால் 90 மீட்டர், 3528 வாட், 45 சதவீதம்!

அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மீதிப் பாதி எங்கே போகிறது என்று கேட்டார். வெப்பம், பைப் உராய்வு, தேய்ந்த இம்பெல்லர் என்றேன். 'கரண்ட் இலவசம்தானே, போனால் போகட்டும் விடு' என்கிறார்.

காயில்_கடை
சனி, மாலை 5.52

அந்த வெப்பம்தான் காயிலை எரிக்கிறது, காயில் கட்ட நான் இலவசமாகக் கட்டுவதில்லை என்று அப்பாவிடம் சொல். இம்பெல்லரை எப்போது மாற்றினீர்கள்?

பாலக்கோடு_பதினொன்று
சனி, மாலை 6.03

கேட்டேன். 'தக்காளி விலை ஏறட்டும், பார்க்கலாம்' என்றார்.